பழைய ராக் போஸ்டர்: அசலா, மறுபதிப்பா?

1966 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் அரங்கில் கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்தது. அதற்கான போஸ்டரில் ரோஜாப்பூ சூடிய எலும்புக்கூடு. ஸ்டான்லி மவுசும் ஆல்டன் கெல்லியும் அதை உமர் கய்யாம் பாடல் புத்தகம் ஒன்றில் சல்லிவன் வரைந்த படத்திலிருந்து எடுத்தார்கள். அன்று சும்மா கொடுத்த தாள், இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர்!

அசலைக் கண்டுபிடிப்பதுதான் தலைவலி. கேட்பவர்கள் அதிகமானதும் கச்சேரி நடத்தியவர்களே மறுபடி அச்சடித்தார்கள். அதைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனாலும் கச்சேரிக்கு முன் அச்சானதுதான் முதல் பதிப்பு, பெரிய விலையும் அதற்குத்தான். எனவே தாளின் அளவு, கனம், ஓரத்துப் பொடி எழுத்து என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள். அசலைப் படம்பிடித்து அடித்த போலி பெரும்பாலும் பூதக்கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும்: சீராக இருக்க வேண்டிய நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும். புறஊதா விளக்கில் தாள் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, வெண்மையூட்டிய தாள் அப்போதே புழக்கத்தில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மூலையில் குண்டூசி ஓட்டை இருந்தால் விலை குறையும். யாரோ ஆசையாகச் சுவரில் குத்தி வைத்திருந்த தாளுக்கு மதிப்புக் கம்மி, பெட்டிக்குள் தூங்கியதற்கு அதிகம். விளம்பரத்துக்கென்றே அடித்த காகிதத்துக்கு இது அநியாயம்தான். மடிப்புக்கும் டேப் கறைக்கும் இதே கதி.