தொண்ணூறு நிமிடம்

என் தந்தையார் மலாயா இரயில்வேயில் பாதைக் கூலியாக இருந்தவர். சிரம்பானுக்குத் தெற்கே சிலிப்பர் கட்டை மாற்றுவதும் சரளைக்கல் அள்ளி இறுக்குவதுமே அவருடைய வாழ்நாள் வேலை. 1961-ஆம் ஆண்டில், பாஸ் கிடைத்த ஒரு விடுமுறையில், என்னையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குச் செல்லும் இரவு வண்டியில் ஏறினார். இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை. சக்கரத்தின் ஒலியைக் கேட்டபடியே, "இங்கே நன்றாக இறுக்கியிருக்கிறார்கள்" என்றும், "இங்கே கட்டை உளுத்திருக்கிறது" என்றும் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வந்தார். விடிந்தபோது தஞ்சோங் பகார் நிலையத்தின் உயர்ந்த கூரையின்கீழ் இறங்கி நின்றோம்.

அந்த நிலையத்திலிருந்து கடைசி வண்டி 2011 ஜூன் 30-இல் புறப்பட்டுவிட்டது. பிறகு உட்லண்ட்ஸ் வரையிலும், 2015 முதல் ஜொகூர் பாரு வரையிலுமே நம் வண்டிகள் சென்றன. பாலத்தைக் கடக்க வேறு வண்டி மாறவேண்டும்.

ஆயினும் 2013 பிப்ரவரியில், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதிவேக இரயில் ஓடும், பயணம் 90 நிமிடம், 2020-இல் முடிந்துவிடும் என்று இரு நாட்டுப் பிரதமர்களும் அறிவித்தபோது, என் மனைவி அச்செய்தியை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். எங்கள் மகள் ஜூரோங்கில் வாழ்க்கைப்பட்டவள். முழங்கால் வலியால் என் மனைவியால் பேருந்தில் நெடுநேரம் அமர இயலாது. 2016 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எட்டு நிலையங்களுள் சிரம்பான் ஒன்று. முடிவிடம் ஜூரோங் கிழக்கு. "நம்ம பொண்ணு வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுறாங்க, பாருங்க" என்றாள். முடியும் ஆண்டு அதற்குள் 2026 ஆகியிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

2018 மே மாதம் ஆட்சி மாறியது. 11,000 கோடி வெள்ளி செலவாகும், நாடு தாங்காது, கைவிடுகிறோம் என்றார் புதிய பிரதமர். அது நியாயமாகவே இருக்கலாம். கைவிட்டால் இழப்பீடு கொடுக்கவேண்டுமே என்பதும் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது! செப்டம்பரில், கைவிடுதல் ஒத்திவைத்தலாக மாறியது. அந்த ஒத்திவைப்புக்கு 1 கோடி 50 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தோம். 2020-இல் மூன்றாவது பிரதமர் வந்தார், மீண்டும் தவணை. வண்டிகளை வாங்கி நடத்துவதற்கென இரு நாடுகளும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கவேண்டிய நிறுவனமே வேண்டாம் என்று நம் தரப்பு கேட்டது, சிங்கப்பூர் இசையவில்லை. அவ்வாண்டின் கடைசி நாளோடு ஒப்பந்தம் காலாவதியாயிற்று. 2021 மார்ச்சில் 10 கோடி 28 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளியை, நம் கணக்கில் ஏறத்தாழ 32 கோடி வெள்ளியை, இழப்பீடாகச் செலுத்தினோம்.

திட்டம் தேவையா, தேவையற்றதா என்று வழக்காட நான் வரவில்லை. தேவை என்றால் கட்டியிருக்கலாம். தேவையில்லை என்றால் கையெழுத்திடாமல் இருந்திருக்கலாம். இரண்டுமின்றி எட்டு ஆண்டுகள் கழிந்தன. நான் ஆசிரியனாக இருந்தவன். எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கேட்டு ஆண்டுதோறும் மனு எழுதியிருக்கிறேன். "ஒதுக்கீடு இல்லை" என்ற ஒரே பதிலை எத்தனை கடிதங்களில் படித்தேன்! அந்தக் கடிதங்களை நினைத்துக்கொண்டுதான் அந்த 32 கோடியைப் பற்றிய செய்தியைப் படித்தேன். ஓடாத வண்டிக்கு ஒதுக்கீடு இருந்தது.

2023-இல் அதே திட்டத்திற்குத் தனியாரிடம் யோசனை கேட்டார்கள். அலமாரியில் ஒட்டியிருந்த தாள் அப்போது மஞ்சளாகியிருந்தது. ஒட்டியவள் 2019-லேயே போய்விட்டாள்.

சென்ற முறை பேருந்தில்தான் மகள் வீட்டிற்குப் போனேன். குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கி, பெட்டியைச் சுமந்து, வரிசையில் நின்று, மீண்டும் ஏறி, மறுகரையில் மீண்டும் இறங்கி, வீடு சேர்ந்தபோது இரவாகிவிட்டது. பேரன் என் கால்களைப் பிடித்துவிட்டபடி கேட்டான்: "உங்க அப்பா அந்தக் காலத்துல எப்படி வந்தாரு தாத்தா?"

"ராத்திரி ஏறினோம், விடியற்காலையில் இறங்கினோம்" என்றேன்.

அவன் நம்பவில்லை.