மழையில வேர்க்கிற அம்மாக்கள்

கினிகத்தேனையில வெயில் அடிக்கிற நாளை விரல் விட்டு எண்ணிரலாம். பக்கத்து வட்டவளையில வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. எங்க தோட்டங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அப்படி ஒரு ஊர்ல, ஜூலை மாசத்து ராத்திரி ஒன்னுல, எங்கள்ல ஒருத்தியோட அம்மா எழும்பிப் போய் பீலித் தண்ணியில தலையக் காட்டிக்கிட்டு நின்னாங்க. உடம்பு எரியுதாம். அப்பாவுக்குப் பயம் வந்து, அடுத்த நாளே மந்திரிச்ச கயிறு கைக்கு வந்துருச்சு.

இதை அவ எங்ககிட்ட சொன்ன பிறகுதான் மத்தவங்களும் மெல்ல வாயத் திறந்தோம். ஒருத்தனோட அம்மா காரணமே இல்லாம அழுறாங்க. இன்னொருத்தியோட அம்மாவுக்கு நெஞ்சு படபடக்குது, ஈசிஜி எடுத்துப் பார்த்தா ஒன்னுமில்ல. வேறொரு அம்மாவுக்கு மூட்டு வலி, தூக்கமில்ல, மாசத்துல ரெண்டு தடவ தீட்டு. எல்லாருக்கும் வயசு 45க்கும் 53க்கும் நடுவுல. நாங்க ஒம்பது பேர், அதுல மூணு பேர் பையன்கள், ரெண்டு பேர் ஏ.எல்.ல பயோ படிச்சவங்க. அத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட இதெல்லாம் ஒரே விஷயமா இருக்கும்னு தோணல. அம்மாக்கள்கிட்ட இதுக்குச் சரியான பேரும் இல்ல. "நின்னு போற வயசு"ம்பாங்க, அவ்வளவுதான். புத்தகத்துல மாதவிடாய் நிறுத்தம்னு இருக்கு. போன்ல மெனோபோஸ்னு இருக்கு. "நின்னு போற வயசு"ன்னு தேடினா போன் வேற எதையோ காட்டுது.

சரி, தேடலாம்னு உக்காந்தோம். முதல் ரெண்டு நாள் வந்ததெல்லாம் பொடி விக்கிறவங்க. கருஞ்சீரகம், சோயா, ஏதோ ஒரு கஞ்சி மாவு, கீழே ஒரு வட்ஸ்அப் நம்பர். மூணாவது நாள் ஒருத்தி இங்லிஷ்ல தேடினா. அப்பதான் விஷயம் பிடிபட்டுச்சு. தொடர்ந்து 12 மாசம் தீட்டு வரலன்னாதான் நின்னுருச்சுன்னு சொல்லலாம். அதுக்கு முன்னாடி சில வருஷம் ஹோர்மோன் ஏறி இறங்கும். அந்தக் காலத்துலதான் எரிச்சல், வேர்வை, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரும். ஈஸ்ட்ரஜன் குறையும்போது மூளையில உடம்புச் சூட்டைப் பார்த்துக்கிற பகுதி சின்ன மாத்தத்துக்கே குழம்பிப் போகுது. அதனால வெளியில கொட்டுற குளிர்லயும் உள்ளுக்குள்ள எரியும். பேய் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட பக்கத்துல இதெல்லாம் தெளிவா இருக்கு, ஐ.நா.வோட ஆறு மொழியில. அந்த ஆறுல தமிழ் இல்ல.

இதை வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஒரு வரி எங்களை நிறுத்திருச்சு. ஒரு வருஷம் நின்ன பிறகு திரும்ப ரத்தம் பட்டா, அது ஒரு சொட்டா இருந்தாலும், டொக்டர்கிட்ட காட்டணும். எங்கள்ல ஒருத்தி ஒன்னும் பேசாம போனைக் கீழ வச்சிட்டா. அவ அம்மாவுக்கு நின்னு ரெண்டு வருஷம். அஞ்சு மாசமா திரும்ப வருது. அம்மா யாருக்கும் சொல்லல, மகள்கிட்ட மட்டும் ஒரு தடவ, அதுவும் சிரிச்சுக்கிட்டே, "எனக்கு இன்னும் வயசாகல புள்ள"ன்னு சொல்லியிருக்காங்க. லயத்து வட்ஸ்அப் குரூப்புல வந்த குரல் பதிவு ஒன்னுல ஒரு வைத்தியர், "கெட்ட ரத்தம் கழியுது, நல்லதுக்குத்தான்"னு சொல்லியிருந்தாராம். அதை நம்பி அஞ்சு மாசம்.

பெரும்பாலும் அப்படி வர்ற ரத்தத்துக்குப் பின்னால ஆபத்து இல்லாத காரணம்தான் இருக்கும். ஆனா சில பேருக்கு அது கருப்பையோட உள்சவ்வுல வர்ற புத்துநோயோட முதல் அறிகுறி. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா நல்லா குணப்படுத்தலாம். பாப் டெஸ்ட் செஞ்சாச்சே, பரவாயில்லன்னு இருக்கவும் முடியாது. அது கருப்பை வாய்க்கானது, உள்ள இருக்கிறதுக்கு இல்ல. இதுக்கு ஸ்கேன் பார்க்கணும், தேவைப்பட்டா சவ்வுல கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும். அந்த அம்மாவுக்கு ரெண்டும் நடந்துச்சு. ரிப்போர்ட் வர எடுத்த மூணு கிழமை எங்க யாருக்கும் சரியா தூக்கமில்ல. கடைசியில சின்ன ஒரு சதை வளர்ச்சிதான், எடுத்துட்டாங்க. 

அதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம். எப்ப டொக்டர்கிட்ட போகணும்னு சொல்லாத வீடியோவை எந்த அம்மாவுக்கும் அனுப்புறதில்ல. எல்லாம் இயற்கைதான், ஒன்னும் செய்ய வேணாம்னு சொல்றவரும், எல்லாத்துக்கும் என்கிட்ட மருந்து இருக்குன்னு சொல்றவரும் இந்த இடத்துல ஒன்னாவே மாட்டிக்கிறாங்க.

நம்பரைப் பார்த்துப் பயப்படுறதும் இதுல ஒரு சிக்கல். ஹோர்மோன் மாத்திரை எடுத்தா மார்புப் புத்துநோய் வரும்னு எங்க எல்லாருக்குமே காதுல விழுந்திருக்கு. அந்தப் பயத்துக்குப் பெரிய காரணம் 2002 ஜூலையில அமெரிக்காவுல பாதியில நிறுத்தின ஒரு பெரிய ஆய்வு. ரெண்டு ஹோர்மோன் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்கள்கிட்ட சோதிச்சாங்க. புத்துநோய் 26 வீதம் கூடிருச்சுன்னு உலகம் முழுக்கச் செய்தி. அதையே எண்ணிக்கையாச் சொன்னா, 10,000 பெண்கள்ல வருஷத்துக்கு 30 பேருக்கு வர்ற இடத்துல 38 பேருக்கு வந்துச்சு. ஆய்வுல இருந்தவங்க சராசரி வயசும் 63, எங்க அம்மாக்களை விடப் பத்து வயசு கூட. 60 வயசுக்குக் கீழ இருந்து, தாங்க முடியாத எரிச்சல் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நன்மைதான் கூடன்னு இப்ப மருத்துவச் சங்கங்கள் சொல்லுது. மார்புப் புத்துநோய் வந்தவங்களுக்கு அது பொருந்தாது. எங்க அம்மாக்கள் மாத்திரை எடுக்கணும்னு நாங்க சொல்ல வரல. டொக்டர்கிட்ட கேக்கவே பயப்படத் தேவையில்ல, அவ்வளவுதான்.

"எடுத்துப் போட்டா நிம்மதி"ன்னு லயத்துல ஒரு பேச்சு உண்டு, கருப்பையைத்தான். அது எங்க போய் முடியும்னு மகாராஷ்டிராவுல பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பெண்கள்கிட்டதான் கேக்கணும். தீட்டு நாள்ல லீவு எடுத்தா கூலி போகும், மேஸ்திரிக்குத் தெண்டம் கட்டணும்னு பலபேர் சின்ன வயசுலயே கருப்பையை எடுத்திருந்தாங்க. 2019ல மாநில அரசுக் குழு விசாரிச்ச சுமார் 82,000 பெண்கள்ல 13,000க்கும் மேல அப்படி. சூலகத்தையும் சேர்த்து எடுத்துட்டா மெனோபோஸ் ஒரே நாள்ல வந்து நிக்கும். அளவுக்குக் கூலி வாங்குற எங்களுக்கு அது தூரத்துக் கதை இல்ல. மலையில நின்னா கக்கூஸ் கிடையாது, ரத்தம் கூடப் போற நாள்ல சொன்ன கிலோ வராது, கிலோ வரலன்னா அரைப் பேர். அரைப் பேர் விழக்கூடாதுன்னு எதையும் நம்பத் தயாரா இருக்கிற பெண்களை நாங்க வீட்டுலயே பாக்குறோம்.

இவ்வளவும் படிச்சிட்டு, பெருமையா ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாக்களை உக்கார வச்சுப் பேசினோம். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு அம்மா சொன்னாங்க: "அதெல்லாம் எல்.ஆர்.டி. செஞ்சதால வந்தது தம்பி." மத்த அம்மாக்களும் தலையாட்டினாங்க. எங்களுக்கு விடை தெரியும். எல்.ஆர்.டி.யில குழாயைத்தான் கட்டுறாங்க, சூலகம் அப்படியேதான் வேலை செய்யும். அதைச் சொன்னோம். அம்மா எங்களைப் பார்த்த பார்வையில, இதைச் சொல்லிக் குடுத்தது யாருங்கிற கேள்வி இருந்துச்சு.

அந்தக் கேள்வி நியாயமானது. கருத்தடை ஆபரேஷன் செய்றவங்களுக்கு 1980ல இருந்து அரசாங்கம் காசு குடுத்துச்சு. நாட்டுல மத்த இடங்களை விட தோட்டங்கள்லதான் அது கூடுதலா நடந்திருக்கு. எங்க ஆச்சிமார்ல சிலபேர் என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்னே தெரியாம வீட்டுக்கு வந்தவங்க. பிள்ளை பெறும்போதும், பிள்ளை பெறாம இருக்கவும் மட்டுமே தேடி வந்த ஒரு இடம், இப்ப வந்து "உங்க சுகத்துக்குத்தான்"னு சொன்னா யாரு உடனே நம்புவா? நம்பகமான தகவல்னு நாங்க தேடினது வேற, அம்மாக்கள் நம்புறதுக்குத் தேடுறது வேற. அவங்களுக்கு முகம் வேணும், நாளைக்கும் வர்ற முகம். (எங்களுக்கும் அப்படித்தான். எங்கள்ல சின்னவளுக்கு 2017ல தரம் 6ல எச்.பி.வி. ஊசி போட்டாங்க. அது கருப்பை வாய்ப் புத்துநோய்க்கான ஊசின்னு போன வருஷம்தான் அவளுக்கே தெரியும்.)

அப்படி ஒரு முகம் எங்க தோட்டத்துல ஏற்கனவே இருந்துச்சு. மிட்வைஃப் மிஸ். கர்ப்பிணிகளைப் பார்க்க வர்றவங்கன்னு நெனச்சு அம்மாக்கள் அவங்களை ஒதுக்கி வச்சிருந்தாங்க. 1996ல இருந்து வெல் வுமன் கிளினிக் நடக்குது, சிங்களத்துல சுவ நாரி. பிரஷர், சீனி, மார்பு, பாப் டெஸ்ட், எல்லாம் இலவசம். 35 வயசுலயும் 45 வயசுலயும் கட்டாயம் வரச் சொல்றாங்க, மத்த வயசுக்காரங்களும் போகலாம். மெனோபோஸ் பத்தியும் அங்க கேக்கலாம். மிஸ் இதையெல்லாம் எங்ககிட்ட சொல்லிட்டு, "உங்க அம்மாமாருக்குச் சொல்லித்தான் இருக்கேன், வர்றதில்ல"ன்னாங்க.

ஏன் வரலன்னு கேட்டுப் பார்த்தோம். கிளினிக் கிழமை நாள்ல, காலையில. அங்க போனா அன்னைக்குப் பேர் இல்ல. கார்டு சிங்களத்துல இருக்கு, உள்ள போய் எதுக்கு வந்தோம்னு எந்த மொழியில சொல்றதுன்னு கூச்சம். முகாம் ஒன்னைத் தோட்டத்துக்கே, மத்தியானம் நிறுவைக்குப் பிறகு கொண்டுவர முடியுமான்னு எழுதிக் குடுத்திருக்கோம். பதில் இன்னும் வரல.

போன மாசக் கிளினிக்குக்கு மூணு அம்மாக்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. முதல் நாள் ராத்திரி கேள்விகளைத் தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரு தாள்ல எழுதி வச்சோம். காலையில ரெண்டு பேர் பஸ் ஏறினாங்க. பீலியில தலைய நனைச்ச அம்மா மட்டும் கூடையை மாட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டாங்க. கொழுந்து நல்லா வந்திருந்த கிழமை அது. போற வழியில திரும்பி, "அந்தத் தாளைப் பத்திரமா வச்சிரு பாப்பா, அடுத்த மாசம் வர்றேன்"னு கத்திச் சொன்னாங்க. தாள் பிளாஸ்டிக் பையில சுத்தி அலமாரியில இருக்கு.