அம்பாரியை இறக்கி வைத்த பிறகு

தசராவின் நிறைவு நாளில் மைசூரில் கால் வைக்க இடமில்லாத தெரு சயாஜி ராவ் சாலை. அரண்மனையிலிருந்து புறப்படும் ஜம்பு சவாரி, கே.ஆர். சர்க்கிளைக் கடந்து, தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிச் சென்று பன்னிமண்டபத்தில் முடியும். தூரம் ஏறக்குறைய 5 கி.மீ. யானையின் முதுகில் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரி. சாலை அகலமானது. திருப்பங்கள் குறைவு. எதிரே வண்டி வராது. யாருக்கும் அவசரமில்லை. கனத்தைச் சுமந்துகொண்டு கம்பீரமாக நடக்க இதைவிடத் தோதான நிலைமை கிடையாது.

மற்ற நாட்களில் அதே சாலையிலிருந்து மேற்கே திரும்பி தேவராஜ மொஹல்லாவுக்குள் நுழைந்து பாருங்கள். மொஹல்லா என்றால் பேட்டை. பழைய மைசூர் இப்படிப் பல பேட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மார்க்கெட்டின் தென்முனையில் 1886இல் டஃபரின் பிரபுவின் வருகை நினைவாக எழுப்பிய மணிக்கூண்டு. மைசூர்க்காரர்களுக்கு அது 'சிக்க கடியாரா', சின்ன மணிக்கூண்டு. உள்ளே மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளே வாழை, கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம். வெளியே தள்ளுவண்டிகள், மூட்டை சுமப்பவர்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கும் ஸ்கூட்டர்கள். ஒரு பக்கம் ஜவுளிக் கடைகள் நிறைந்த தேவராஜ அரசு சாலை. வடக்கே லாட்ஜுகள் வரிசை கட்டி நிற்கும் தன்வந்திரி சாலை.

அந்த லாட்ஜுகளின் வாசலில் வார இறுதிகளில் பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கலாம். கோவை, ஈரோடு, சென்னை, பெங்களூர் பதிவெண்கள். ஊட்டிக்கோ குடகுக்கோ வயநாட்டுக்கோ போகும் வழியில் ஓர் இரவு மைசூரில் தங்குவது பைக் பிரியர்களின் வழக்கம். ஐம்பதைத் தாண்டிய என் கோவை நண்பரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பல ஆண்டுகள் அமெரிக்கத் தயாரிப்பான ஒரு கனரக டூரரில் வந்துகொண்டிருந்தவர், இப்போது ஜப்பானிய ஸ்போர்ட் டூரரில் வருகிறார். இரண்டு வண்டிகளின் பின் இருக்கையிலும் உட்கார்ந்து மைசூருக்கு வந்த தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டு ரகங்கள் என்ன என்று பார்த்துவிடலாம். கனரக டூரர் என்பது சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி. எடை 350 கிலோவுக்கு மேல். சில வண்டிகள் 390 கிலோவைத் தொடும். இருக்கை தாழ்வு, தரையிலிருந்து 700 மி.மீ. சுற்றுவட்டம். கால்களை முன்னால் நீட்டி அகலமான பலகையில் வைத்துக்கொள்ளலாம். முதுகு நிமிர்ந்திருக்கும். பெரிய இன்ஜின் குறைந்த வேகத்திலேயே முழு இழுவையையும் தந்துவிடுவதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். பின்னால் இருப்பவருக்கு மெத்தை, முதுகுச் சாய்மானம் எல்லாம் உண்டு. நேரான நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 600 கி.மீ. ஓட்டிவிட்டு, இறங்கியதும் இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம்.

ஸ்போர்ட் டூரர் பந்தய வண்டிக்கும் பயண வண்டிக்கும் பிறந்த பிள்ளை. காவசாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் ஒரு நல்ல உதாரணம். 1,043 சிசி, நான்கு சிலிண்டர், எடை 240 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1,440 மி.மீ.தான், கனரக டூரர்களில் இது 1,600க்கு மேல். உடல் சற்று முன்னால் குனிந்திருக்கும். கால்கள் மடங்கிப் பின்னால் போகும். வேகமாகப் போகும்போது எதிர்காற்று மார்பைத் தாங்கிப் பிடிப்பதால் இந்த இருக்கை சுகமாகவே இருக்கும். மார்க்கெட் தெருவில் காற்று கிடையாது. உடல் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும்.

நண்பர் வண்டியை மாற்றியதற்கு வேகம் காரணமல்ல. வேகமே இல்லாத ஒரு கணம்தான் காரணம். மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்து ஒன்றில், எதிரே வந்த தக்காளி வண்டிக்கு ஒதுங்குவதற்காக நின்றார். ஊன்றிய இடது காலுக்குக் கீழே அழுகிய காய்கறித் தோல். மோட்டார் சைக்கிள் ஓடும்போது தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். நிற்கும்போது அதன் எடை முழுவதும் ஓட்டுபவருடைய பொறுப்பு. 350 கிலோ ஐந்து டிகிரி சாய்ந்தால் சமாளிக்கலாம். பதினைந்து டிகிரி சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் பிடிக்க முடியாது. வண்டி மெதுவாக, மரியாதையாகப் படுத்துக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. மூட்டை சுமப்பவர்கள் மூன்று பேர் ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்கள். அதில் வயதில் சின்னவர், 'இவ்வளவு பெருசு எதுக்கு ஸார்?' என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். கேலி இல்லை. தினமும் எடை தூக்குபவரின் தொழில் முறையான சந்தேகம்.

அந்தக் கேள்விக்கு அன்றிரவு லாட்ஜ் அறையில் பதில் தேடியபோது நண்பர் முதலில் சொன்னது, வண்டியை விற்பது வயதானதை ஒப்புக்கொள்வது போல என்பதுதான். பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பலருடைய மனதில் இருப்பது இதுவே. அது ஒரு அந்தஸ்து. போகுமிடமெல்லாம் கூட்டம் கூடும். அதிலிருந்து இறங்குவது பதவியிலிருந்து இறங்குவது மாதிரி.

ஆனால் மைசூருக்கு வரும் சாலைகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு விதமாகத் தெரியும்.

பெங்களூரிலிருந்து வரும் 119 கி.மீ. அதிவேக நெடுஞ்சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. கனரக டூரருக்கென்றே போட்டது போன்ற சாலை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதான பாதையில் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை. ஆட்டோ, டிராக்டர் வரிசையில் 1,800 சிசி மோட்டார் சைக்கிளும் சர்வீஸ் சாலைக்குப் போக வேண்டும். மும்பை-புனே விரைவுச் சாலையிலும் இதே நிலைதான். எந்தச் சாலைக்காக அந்த வண்டி பிறந்ததோ, அந்தச் சாலை இந்தியாவில் அதற்கு மூடப்பட்டிருக்கிறது.

ஊட்டியிலிருந்து வரும் வழி முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்குள் போகிறது. 2009 முதல் பந்திப்பூரில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. யானையும் மானும் கடக்கும் அந்தச் சாலையில் வேகத்தடைகள் அதிகம், இருக்கத்தான் வேண்டும். சத்தியமங்கலம் வழியாக வந்தால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. இரவு பகலாக ஓட்டித் தள்ளும் பயணத்துக்கு இந்தப் பக்கம் இடமே இல்லை.

திம்பத்தில்தான் இரண்டு வண்டிகளின் குணமும் பின் இருக்கைக்குப் புரிந்தது. பழைய வண்டி ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்ததும் கால் பலகை தரையில் உரசித் தீப்பொறி பறக்கும். அதற்குமேல் சாய முடியாது என்பதால் ஒவ்வொரு வளைவையும் லாரி மாதிரி அகலமாக எடுக்க வேண்டும். எதிரே கரும்பு லாரி வந்தால் அந்த அகலம் இருக்காது. புதிய வண்டி வளைவுக்கு முன்னால் சட்டென்று வேகம் குறைந்து, உள்ளே சாய்ந்து, தன் பாதியை விட்டு விலகாமல் வெளியே வருகிறது. பழைய வண்டியில் மலை ஏறி முடித்ததும் நண்பருடைய தோள்கள் இறுகியிருக்கும். இப்போது திம்பத்து டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். புதிய வண்டி இலகுவானது, ஆனால் இருக்கை உயரம் 820 மி.மீ.க்கு மேல். சராசரி உயரமுள்ளவர் சிக்னலில் முன்பாதத்தில்தான் நிற்க முடியும். பழைய வண்டியில் பெல்ட், வருடக்கணக்கில் கவலையில்லை. இதில் சங்கிலி; சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போட வேண்டும். முன்பு பெட்டிகளில் ஒரு குடும்பத்தின் துணி கொள்ளும். இப்போது இரண்டு நாள் துணிக்குத்தான் இடம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு வேறு. நண்பரின் மனைவி பழைய வண்டியில் சாம்ராஜ்நகர் சமவெளியில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவார். புதிய வண்டியின் உயரமான சின்ன இருக்கையில் தூங்கினால் விழ வேண்டியதுதான். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சரியும் உடலைக் கையால் தாங்க வேண்டும். முதல் பயணத்தில் மைசூர் வந்து சேர்ந்ததும், 'நான் பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன்' என்றார். சொன்னபடியே செய்தார். பதினைந்து வருடமாக ஒன்றாகப் போன பயணங்கள் அன்று முதல் முறையாக இரண்டாகப் பிரிந்தன. ஸ்போர்ட் டூரருக்கு மாறுகிறவர்களிடம் விற்பனையாளர் குதிரைத் திறனைப் பற்றிச் சொல்வார். இதைப் பற்றிச் சொல்ல மாட்டார். வாங்குமுன் பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துப் போய் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இந்த விவாதத்துக்கு மைசூர் புதிய ஊர் அல்ல. தேவராஜ மொஹல்லாவிலிருந்து வடமேற்கே, ரயில் பாதைக்கு அப்பால் யாதவகிரி. ஆர்.கே. நாராயணின் வீடு இருக்கும் அதே பகுதி. ரஸ்தம், ஃபரூக் இரானியின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1961இல் அதைத் திறந்து வைத்தவர் முன்னாள் மகாராஜாவும் அப்போதைய கவர்னருமான ஜெயசாமராஜ உடையார். செக் நாட்டு ஜாவாவின் வடிவில் 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. 1973 முதல் அவற்றுக்கு 'யெஸ்டி' என்று பெயர். இரானி குடும்பத்தின் பூர்வீகமான யாஸ்து நகரத்தின் நினைவாக வைத்தது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய்கள். கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும்.

அந்தக் காலத்துப் பைக்காரர்கள் இரண்டு கட்சி. ராணுவத்தின் தேவைக்காக 1955இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய 350 சிசி புல்லட் ஒரு கட்சி: கனம், நிதானம், 'டப் டப்' சத்தம். மைசூர் யெஸ்டி மறு கட்சி: இலகு, துடிப்பு, மலைப்பாதையில் சுறுசுறுப்பு. அதில் 1978இல் வந்த மாடலின் பெயர் 'ரோட்கிங்'. சாலை அரசன் என்று பெயர் வைத்த வண்டியின் சக்தி 16 குதிரைத் திறன். பதினாறு வருடம் கழித்து 1994இல் ஹார்லி டேவிட்சனும் தன் கனரக டூரர் ஒன்றுக்கு 'ரோட் கிங்' என்று பெயர் சூட்டியது. இன்று அதன் எடை 370 கிலோவுக்கு மேல். ஒரே பட்டத்துக்கு இரண்டு அரசர்கள். சாலையை ஆள்வதென்றால் என்ன என்பதற்கு அமெரிக்க நெடுஞ்சாலை ஒரு பதில் சொன்னது. மைசூரைச் சுற்றியுள்ள மலைகள் முன்னதாகவே வேறு பதில் சொல்லியிருந்தன.

ஜப்பானியக் கூட்டில் வந்த சிக்கனமான 100 சிசி வண்டிகளுக்கும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கும் முன்னால் யெஸ்டி தாக்குப்பிடிக்கவில்லை. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜாவா பெயர் 2018இலும் யெஸ்டி பெயர் 2022இலும் திரும்பி வந்தபோது, புதிய வண்டிகள் தயாரானது மத்தியப் பிரதேசத்தின் பிதம்பூரில். ஆனாலும் மைசூர்த் தெருக்களில் பழைய ஜாவாக்கள் இன்னும் ஓடுகின்றன. ஜூலை இரண்டாவது ஞாயிறன்று ஜாவா தினம் கொண்டாட நீலப் புகையோடு கிளம்புகிறார்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டியை அறுபது வயதுக்காரர் இன்றும் தனியாக ஸ்டாண்டிலிருந்து இறக்கித் திருப்பி நிறுத்துகிறார். தூக்க முடிந்த எடை என்பதால்தான் அந்த உறவு இவ்வளவு காலம் நீடித்திருக்கிறது.

யானைகளுக்கும் மைசூரில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. 60 வயதைக் கடந்த யானையின் மீது அம்பாரி ஏற்றுவதில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு முறை அம்பாரி சுமந்த அர்ஜுனா இப்படித்தான் அந்தப் பொறுப்பிலிருந்து இறங்கியது. 2020 முதல் அபிமன்யுவின் முறை. அர்ஜுனா அதோடு ஓய்ந்துவிடவில்லை. காட்டு யானைகளைப் பிடிக்கும் பணிக்குத் தொடர்ந்து போனது. 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்தில் அப்படியொரு பணியின்போது காட்டு யானையோடு மோதி இறந்தது. கடைசி நாள் வரை அது யானையாகத்தான் இருந்தது. இறங்கியது அம்பாரி மட்டுமே.

நண்பரின் வீட்டில் இப்போது ஒரு சமரசம் நடைமுறையில் இருக்கிறது. பின்பெட்டியின் முகப்பில் மெத்தை வைத்துத் தைத்து ஒரு சாய்மானம் செய்தாகிவிட்டது. ஒரு நாளைக்கு 500 கி.மீ. என்பது 200 ஆகக் குறைந்திருக்கிறது. கோவை-மைசூர் சரியாக அந்த அளவுதான். ஒவ்வொரு ஐம்பது கிலோமீட்டருக்கும் ஒரு காபி. மனைவி எல்லாப் பயணங்களுக்கும் வருவதில்லை; பாதிக்கு வருகிறார். தூங்கிக்கொண்டு வந்த காலத்தில் பார்க்காத சாம்ராஜ்நகர் மஞ்சள் வயல்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒரு முறை சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, புகாராகவா என்று நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை.