வண்டி வாங்கப் போன கதையும் விற்ற கதையும்



“சேர், வண்டி மாத்திட்டீங்களாமே, என்ன வண்டி, எவ்வளவு?” என்று ஒரு கிழமையாகப் பலரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிக் களைத்துவிட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

உம்மாவின் முழங்கால்தான் காரணம். மாதம் ஒரு தடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிளினிக். கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றரளவு. எங்கட பழைய கார் தாழ்வானது. ஏறும்போது ஒரு “யா அல்லாஹ்”, இறங்கும்போது இரண்டு. கொஞ்சம் உயரமான வண்டி வேண்டும், ஜீப் வாங்க வசதியில்லை. பழையதை விற்கிற காசும் சேர்த்து 60 இலட்சம்தான் எல்லை. வட்டிக்கு லீசிங் எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு.

நம்மூரில் எல்லோருக்கும் கண் வெசல் மேல்தான். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த வண்டி. அதன் ஆரம்ப வருடத்து வண்டிக்கே ஒரு கோடியை ஒட்டி விலை சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1இல். ஐந்து வருடம் புது வண்டி வராத நாட்டில் பழையது தங்கமாகிவிட்டது. திறந்த பிறகும், வரியோடு வருகிற வண்டி நம்மட சம்பளத்துக்கு எட்டாது. பழைய ஹைபிரிட் என்றால் பற்றரிக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஆகவே வெசலை விட்டுவிட்டு, 660 சிசி சுசுகி ஹஸ்லர் பக்கம் திரும்பினேன். சின்ன எஞ்சின்தான். ஆனால் இருக்கை உயரம், கூரை உயரம், பெற்றோல் செலவும் குறைவு.

இரண்டு மாதத்தில் ஏழு வண்டி பார்த்தேன். ஒன்றின் மீட்டரில் 58,000 கிலோமீற்றர். சேஸ் நம்பரை வைத்து ஜப்பான் ஏல அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அங்கேயே 71,000 ஓடியிருக்கிறது! இன்னொன்றில் சீற் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தேன். அடியில் சேற்றுக் கோடு. 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இதைப் பார்க்காமல் யாரும் வாங்காதீர்கள். மூன்றாவது, மேலே பளபளப்பு, கீழே குனிந்தால் துரு. கடற்கரை உப்புக் காற்று மேலே பூசுகிற பொலிஷுக்கு ஏமாறாது.

“என்ன மனிசர்கள் இவர்கள்” என்று ஏசிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரம் என்ட பழைய காரைப் பார்க்க ஒருவர் வந்தார். எட்டாம் ஆண்டில் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது அவருக்கே இரண்டு பிள்ளைகள்.

அந்தக் கார் ஒயில் குடிக்கும். ஒரு சேர்விசுக்கும் அடுத்த சேர்விசுக்கும் இடையில் ஒரு லீற்றர் ஊற்ற வேண்டும். “சேர், தடிப்பான ஒயில் ஒரு போத்தல் ஊத்தினாப் புகை தெரியா, ரெண்டு மாசம் தாங்கும்” என்று கராஜ் பாஸ் சொல்லியிருந்தார். நான் அந்தப் போத்தலை வாங்கியும் வைத்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

“பொனற்றைத் திறந்து பாருங்க தம்பி” என்றேன்.

“சேர்ட வண்டிதானே, நான் என்னத்தப் பார்க்கிற?” என்றார்.

ஈரமான தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்த வியாபாரியைப் பற்றி வகுப்பில் எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஒயில் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இரண்டேகால் இலட்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன்.

“வாப்பா, அவர் கேக்கவே இல்லையே, ஏன் சொன்னீங்க?” என்றான் மகன். ஹதீஸ் சொல்ல வாய் வரவில்லை. போத்தல் இன்னும் அலமாரியில் இருந்தது.

கடைசியில் 2015 ஹஸ்லர் ஒன்று 57 இலட்சத்துக்கு முடிந்தது. இடது கதவு ஒருமுறை அடிபட்டுப் பெயின்ற் அடித்தது என்று விற்றவரே முதலில் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அதை கராஜுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவே மனம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், வேறு குறை இல்லை.

போன கிளினிக்குக்கு உம்மா அதில்தான் வந்தார். ஏறும்போது ஒரே ஒரு “யா அல்லாஹ்”.

வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். விற்கப் போகிறவர்கள், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.