வாயிற்படிக்கு அப்பால்

மருத்துவமனையில் பிள்ளை பிறக்கலாம். ஆனால் நம்மவர் இல்லங்களில் அது வளரத் தொடங்குவது பாட்டியின் நீட்டிய கால்களின் மீதுதான். கும்பகோணத்தில் என் மூத்த மகள் பிறந்தபோது இதைக் கண்ணாரக் கண்டேன். என் மாமியார் மணையில் அமர்ந்து, குழந்தையைக் கால்களின் மீது கிடத்தி, வெந்நீர் வார்த்து நீராட்டுவார். பின்பு சாம்பிராணிப் புகை காட்டுவார். எதற்கும் எவரிடமும் அவர் அனுமதி கேட்டதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டில், என் மனைவி மீண்டும் கருவுற்றிருந்தாள். நாங்கள் தில்லியில், இரண்டு அறைகளும் ஒரு சிறு கூடமும் கொண்ட அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் ரயில்கள் நின்றுபோயின. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமென்று அரசு அறிவுறுத்தியது. மாமனாருக்கு எழுபத்தொன்று, மாமியாருக்கு அறுபத்தாறு. மே 25 முதல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியதும், தாங்கள் வருவதாக அவர்களே முடிவெடுத்தனர். நான் 'வாருங்கள்' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. அது என் நெஞ்சறிந்த கோழைத்தனம்.

ஜூன் மாதத்து அனலில், வாழ்நாளில் முதன்முறையாக விமானம் ஏறிய இருவரும் வந்திறங்கினர். பெட்டியில் சுக்கும் திப்பிலியும் ஓமமும், தூளி கட்டுவதற்கென்று பழைய நூல் புடவைகளும் இருந்தன. பதினான்கு நாள் அவர்கள் தனியறையில் இருப்பது என்று ஏற்பாடு. வாயிலில் ஒரு முக்காலி. அதன்மேல் உணவுத் தட்டை வைத்துவிட்டு நாங்கள் விலகி நிற்போம். பள்ளி மூடிக் கிடந்த அந்நாட்களில், மாமனார் உள்ளிருந்தபடியே மூத்தவளை வாய்பாடு ஒப்பிக்கச் செய்வார்.

ஏழாம் நாள் இரவு, குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே குழந்தை பிறந்துவிட்டது, மீண்டும் பெண். பத்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாமியாரின் கைகள் தாமாக நீண்டன. மறுகணமே முந்தானைக்குள் ஒடுங்கின. "அந்தக் காலத்துல பெத்தவளைத் தனியா வைப்போம். இப்ப பாட்டிக்குத் தீட்டு" என்று சிரித்தார். அவர் வாயிற்படியில் நின்று சொல்லச் சொல்ல, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் குழந்தையைத் துடைத்தவன் நான்.

அக்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் முறைவைத்து வர வேண்டும். என் முறை வரும் நாட்களில் பேருந்தில் சென்று திரும்பிக் குளித்துவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொள்வேன். பன்னிரண்டாம் நாள் மாலை மாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. நாங்க ஒரு தரம் வந்தவங்க. நீங்க தினம் வெளியில போய் வர்றவங்க."

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஊரிலிருந்து வந்த முதியவர்களை அஞ்சி ஒதுக்கிய நான், நாள்தோறும் நகரத்தை வீட்டுக்குள் சுமந்து வந்த என்னை எண்ணிப் பார்க்கவேயில்லை. அன்றிரவே கூடத்தின் மூலைக்குச் சென்றேன். பதினைந்தாம் நாள் அவர்கள் அறையை விட்டு வெளியே வந்தார்கள். நான் அதற்குள் போனேன். என் தட்டை அதே முக்காலியில் மாமியார் வைத்தார்.

நோய் எங்கள் வீட்டை அணுகாமல் போனது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று. எங்களைப் போலவே கவனமாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் பெரியவர்களை இழந்தன. அந்த இருவரும் எங்களுக்காகத் துணிந்து வந்ததை நினைக்கும்போதெல்லாம் நன்றியும் நாணமும் சேர்ந்தே எழுகின்றன.

தொப்புள்கொடி உதிர்ந்த பின் ஒரு காலை, மாமியார் மணையில் அமர்ந்து கால்களை நீட்டினார். பேத்தியை வாங்கிக் கிடத்திக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கைகள் சற்றும் தடுமாறவில்லை. வாயிற்படிக்கு அப்பால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.