மதிலுக்கு அந்தப் பக்கம்

பாரிசின் லாச்சப்பல் மெற்றோவில் இறங்கி, புடைவைக் கடைகளையும் கொத்துரொட்டிச் சத்தத்தையும் கடந்து போபூர் சென் தெனி வீதியால் நடந்தேன். 200ஆம் இலக்கம், பெர்னான் விடால் ஆஸ்பத்திரி. முருங்கைக்காயும் கருவாடும் வாங்க வருகிற நம்மவர் பலருக்கு அது வெறும் மதில். உள்ளே மனநலப் பிரிவு இருக்கிறது. குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்குச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு 'மூர்ஜே' என்று பெயர். பாரிசின் வறிய கலைஞர்களைப் பற்றி எழுதிய ஹென்றி மூர்ஜே 1861இல் இங்கேதான் இறந்தார்.

பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "அது விசர் ஆஸ்பத்திரி அண்ணை. எங்கட ஆக்கள் போறேல்ல. போனாலும் சொல்லுவினமே?"

'கோயில்ல சத்தியம் பண்ணிட்டு குடியை இண்டையோட விடு' என்பதுதான் நம்மவரிடையே வழக்கமான வைத்தியம். அன்பில் சொல்வதுதான். ஆனால் வருடக்கணக்கில் காலையிலிருந்தே குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரும் போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் வலிப்பைத் தடுக்கும் மாத்திரையும் விற்றமின் பி1உம் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்து நிறுத்துகிறார்கள்.

கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். பி ரயில் எடுத்தேன். பாரிஸ் வாடகை தாங்காத நம்மவர் பலர் இந்தப் பாதை நெடுகத்தான் குடியேறினார்கள். ஓல்னே-சூ-புவாவில் ரொபேர் பலாஞ்சே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்ற ஓர் அண்ணையைச் சந்தித்தேன். அகதி விண்ணப்பம் நிராகரிப்பு, கோப்பை கழுவும் வேலை, குடி. பிறகு யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம். அறையில் கூட இருந்தவர்கள் வெளியே போகச் சொன்னார்கள். "குடியை விட்டிட்டு வா, இடம் தாறம் எண்டாங்கள்." படுத்தது ரயில் நிலையத்தில்.

நிலையத்தில் படுத்துக்கொண்டு எவரால் குடியை விட முடியும்? 'முதலில் குடியை விடு, பிறகு வீடு' என்ற இந்த வரிசையை பிரான்ஸ் 2011இல் மாற்றிப் பார்த்தது. பாரிஸ், லில், மார்செய், தூலூஸ் நகரங்களில் கடும் மனநோயோடு தெருவில் இருந்தவர்களுக்கு, குடியை நிறுத்து என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்தார்கள். மருத்துவர், தாதி, சமூகப் பணியாளர், அதே நிலையிலிருந்து மீண்ட ஒருவர் என்று ஒரு குழு வீடு தேடிப் போனது. இரண்டு வருடம் கழித்து 85 வீதமானோர் வீட்டில்தான் இருந்தார்கள். குடி எல்லோரையும் விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் குறைந்தன. என் கணக்கில் அது பெரிய வெற்றி.

நான் சந்தித்த அண்ணைக்கு அந்தத் திட்டத்தில் வீடு கிடைக்கவில்லை. வீடற்றோருக்கான 115 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து அடித்து முதலில் இரவுத் தங்கல், பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் மூலம் விடுதி அறை. இப்போது பகுதி மனநல நிலையத்தில் இலவசச் சிகிச்சை. முதற்சந்திப்பில் மருத்துவர் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தபோது இவர் வாயே திறக்கவில்லையாம். "அவர் எங்கட ஊராளாயிருந்தா? பின்னேரத்துக்குள்ள கதை லாச்சப்பல் போயிரும்." மொழிபெயர்ப்பாளருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு என்று விளக்கிய பிறகுதான் பேசினார்.

முற்றாக விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"போன கிழமை ரெண்டு பியர் குடிச்சனான். தாதியிட்டச் சொன்னன். அவ ஏசேல்ல. எத்தினை மணிக்கு, ஆரோட, ஏன் எண்டு கேட்டு எழுதினா. வாற வியாழன் திரும்ப வரச் சொன்னவ."