பெலெற் வந்த கணக்கு

டாவோஸில் நாங்கள் குடியிருப்பது இரண்டு தட்டு வீடு. கீழே வீட்டுக்கார அம்மா தனியே இருக்கிறார். மேலே நாங்கள் ஐந்து பேர். 1560 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் இது. ஒக்ரோபரில் பூட்டிய யன்னலை மே மாதத்தில்தான் பயமின்றித் திறக்கலாம். நாங்கள் வந்து சேர்ந்த முதற் குளிர்காலத்தில் எங்கள் கடைக்குட்டியைத் தன் குசினியில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாதான். பிள்ளைகள் அவரை இந்தப் பக்கத்து வழக்கப்படி ‘நானி’ என்றே கூப்பிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இது அவரோடு எங்களுக்கு வந்த ஒரு பிணக்கின் கதை.

நிலவறையில் பழைய எண்ணெய்க் கொதிகலன் ஒன்று இருந்தது. இரண்டு வீட்டுக்குமாக வருடம் 4000 லீற்றர் வரை குடித்தது. 2022 இல் உக்ரேன் யுத்தத்தோடு எண்ணெய் விலை ஏறியதும் நானிக்கு மனம் விட்டுப்போயிற்று. அடுத்த கோடையில் அதைக் கழற்றிவிட்டுப் பெலெற் ஹைற்சுங் பூட்டினார்.

பெலெற் என்பது வேறொன்றுமில்லை. மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த, 6 மில்லிமீற்றர் தடிப்பான சிறு குச்சிகள். முதற் தடவை கையில் அள்ளி மணந்தபோது எங்களுக்கு யாழ்ப்பாணத்து மரத்தூள் அடுப்புத்தான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில், அம்மா தகர வாளியின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை அடைந்து, பிறகு போத்தலை மெல்ல உருவி எடுப்பார். அந்த ஓட்டைக்குள் எரியும் நெருப்பில் எங்கள் எல்லோருக்கும் சோறு வெந்துவிடும். இங்கே அதே மரத்தூளை எரிக்க 58,000 பிராங்!

கொதிகலன் மட்டுமல்ல, புகைபோக்கிக்குள் புதுக் குழாய், பழைய எண்ணெய்த் தாங்கியை வெட்டி அகற்றிய கூலி, அந்த அறையையே பெலெற் அறையாக மாற்றிய செலவு, மின்சார வேலை எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ஒரு லீற்றர் எண்ணெய் தரும் சூட்டுக்கு இரண்டு கிலோ பெலெற் வேண்டும். ஆகவே எங்கள் வீட்டுக்கு வருடம் 8 தொன். அதற்கு 12 கனமீற்றருக்கு மேல் இடம் தேவை. பவுசர் போன்ற வாகனம் வந்து குழாயால் ஊதி நிரப்பும். (உங்கள் வீட்டிலும் இப்படி அறை இருந்தால் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். பெலெற்றிலிருந்து கார்பன் மொனொக்சைட் வாயு வரும். அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.)

செப்டெம்பரில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வாடகை 240 பிராங் கூடும் என்று. நானிக்குக் கணக்கு வழக்குப் பார்க்கும் ஒருவர் எழுதியது. 58,000 ஐப் பத்து வருடத்துக்குப் பிரித்து, அதில் பாதியை எங்கள் தலையில் வைத்திருந்தார். எங்களில் ஒருவர் பிறெட்டிகாவ் பக்கத்துத் தொழிற்சாலைக்கு விடிய முன்னம் றெயில் ஏறுகிறவர். மற்றவர் விடுதியொன்றில் துணி தோய்க்கிறவர். 240 பிராங் என்பது ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புகிற காசு. அதை நிறுத்துவதா, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பை நிறுத்துவதா என்று இரண்டு இரவு கதைத்தோம். கட்ட மாட்டோம் என்று சொல்லலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. வீட்டை விட்டு எழுப்பிவிட்டால் இந்த ஊரில் இந்த வாடகைக்கு வேறு எங்கே போவது?

தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நிற்கும் போர்த்துக்கல்காரர்தான் கேட்டார், “படிவம் வந்ததா?” என்று. எங்களுக்கு விளங்கவில்லை. வாடகைக்கு இருப்போரின் சங்கத்தில் போய்க் கேட்டோம். வாடகை கூட்டுவதென்றால் கன்டோன் அங்கீகரித்த படிவத்தில்தான் அறிவிக்க வேண்டுமாம். வெறும் கடிதம் செல்லாது. படிவம் வந்தாலும் 30 நாட்களுக்குள் வாடகைப் பிணக்குத் தீர்க்கும் அலுவலகத்தில் ஆட்சேபிக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. அதற்காகப் பழிவாங்கி எழுப்பவும் முடியாது. பழுதான கொதிகலனுக்குப் பதில் இன்னொன்று வைப்பது வீட்டுக்காரரின் பராமரிப்பு. அதற்கு மேலே வீட்டின் பெறுமதியைக் கூட்டுகிற பங்குதான் வாடகையில் ஏறலாம். அரச உதவி கிடைத்திருந்தால் அதையும் முதலில் கழிக்க வேண்டும். கன்டோனிலிருந்து நானிக்கு உதவிப்பணம் கிடைத்திருந்தது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அலுவலகத்துக்குப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு கீழே போனோம். எங்கள் அரைகுறை டொச்சில் சொல்லி முடிக்கையில் நானியின் முகம் சிவந்துவிட்டது. “நான் உங்களை ஏமாற்றினேனா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். சரியான சொல் வரவில்லை. றோல்ஸ் தொடப்படாமலே கிடந்தது. இரண்டு கிழமை அவர் மேலே வரவில்லை. பிள்ளைகள் காரணம் கேட்டார்கள்.

பிறகு படிவம் வந்தது. 95 பிராங். சங்கத்தில் காட்டினோம், ஒத்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மாவுக்கு அனுப்புவதில் கை வைக்கவில்லை. நீச்சலைத்தான் ஒரு பருவம் விட்டோம்.

நேபன்கோஸ்ரன் கணக்கு வந்தபோது இம்முறை பற்றுச்சீட்டுகளைக் காட்டும்படி கேட்டோம். அது சட்டப்படி எங்கள் உரிமை. பெலெற் விலை, புகைபோக்கி துப்புரவு, பம்பிக்கு ஓடிய மின்சாரம் எல்லாம் சரி. கொதிகலன் திருத்தம் என்று ஒரு வரி இருந்தது. திருத்தச் செலவு அதில் வரக்கூடாது. நானியே கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பேனாவால் வெட்டிவிட்டார்.

பெலெற் கோடையில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. போன ஆனியில் வாகனம் வாசலில் வந்து நின்றபோது நானி மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். நிரப்ப முன்னம் கொதிகலனை நிறுத்த வேண்டும், எந்த ஆளி என்று மறந்துவிட்டதாம். செருப்பைக் கொழுவிக்கொண்டு கீழே இறங்கினோம்.